வேதவல்லி மேடமும் ஒரு மொட்டைக் கடிதமும்

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பள்ளி ஆசிரியை ஒருவரின் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தேன். மேசைமேல் கைபேசி இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. மூன்றாம் முறை உதவியாளர் செல்வி எடுத்துக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "காட்டூர் டாக்டர் பேசறார் சார். வேதவல்லி மேடம் காலையில தவறிட்டாங்களாம்."

பல் திறந்து கிடந்தது. பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது. தற்காலிகமாக அடைத்து முடிக்கும்வரை கை அதன் வேலையைச் செய்தது. ஆசிரியை வாயைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா சார்?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் வேதவல்லி ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பல் மருத்துவம் பார்த்தவர். கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. கீழே கிளினிக், மாடியில் வீடு. எங்கள் ஊர்ப் பல் மருத்துவர்கள் சங்கத்துக்குக் கொரோனாக் காலம் முழுவதும் அவர்தான் தலைவர். உறையூரில் கிளினிக் வைத்திருக்கும் நான் செயலாளர். இப்போது அந்தத் தலைவர் பொறுப்பில் நான் இருப்பதால், சங்க மலருக்கு அஞ்சலிக் கட்டுரையை என்னையே எழுதச் சொன்னார்கள். "தன்னலமற்ற", "ஈடுசெய்ய முடியாத" என்று இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். அவரைப் பற்றி நான் முன்பே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் என் கையெழுத்து இல்லை. அதைச் சொல்லாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆரம்பத்திலிருந்தே எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. உறையூரில் நான் கிளினிக் திறந்த வாரம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார். நேராக உள்ளே போய், கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதைத் தேடி வந்தார் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். அவர் சுபாவமே அப்படித்தான். செய்வார், ஏன் செய்கிறார் என்று சொல்ல மாட்டார்.

சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவருக்காக நான் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டேன். ஜெயித்த மறுநாளே அவர் என்னைக் கூப்பிட்டுச் செயலாளராக இருக்கச் சொன்னார்.

"நான் உங்களுக்கு ஓட்டுப் போடலை மேடம்."

"தெரியும் அருள். போடாதவர் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். இல்லன்னா நான் சொல்றதெல்லாம் எனக்கே சரின்னு பட ஆரம்பிச்சுடும்."

நல்ல பேச்சுதான். ஆனால் என்னைக் கண்காணிப்பில் வைத்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

சில வாரங்களில் ஊரடங்கு வந்தது. எங்கள் தொழிலில் நோயாளியின் திறந்த வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். இயந்திரம் சுழன்றால் எச்சில் சாரலாகத் தெறிக்கும். மேடம் இணையவழிக் கூட்டம் போட்டார். உறுப்பினர் எல்லோரும் கிளினிக்கை மூடிவிட வேண்டும், போனில் மட்டும் மருந்து சொல்லலாம், அவசரம் என்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார். "நம்ம கையால ஒருத்தருக்கு இது வந்துடக் கூடாது" என்றார். காட்டூரில் டாக்டர் சரவணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நோயாளிகளைப் பார்ப்பதாகத் தகவல் வந்தபோது, நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்: "ஏன் சரவணன், ஷட்டர் பாதி இறங்கியிருந்தா கிருமி குனிஞ்சு வராதா?" சரவணன் அப்போது நாற்பது வயதைத் தொடாதவர். முகம் சுருங்கிப்போய்க் கேமராவை அணைத்துவிட்டார்.

அந்த நாட்களில் யாரும் யாரையும் நம்பவில்லை. தெருவில் யாராவது இருமினால் ஜன்னலைச் சாத்தினோம். பால்காரர் வீட்டுக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று விசாரித்தோம். அப்படியான ஒரு நாளில் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ராமையா என்ற என் நோயாளியைப் போனில் அழைத்தேன். அதற்கு நான்கு நாள் முன்பு கன்னம் வீங்கி அழுதுகொண்டு பேசியவர் அவர். மாத்திரை சொல்லியிருந்தேன்.

"இப்ப பரவாயில்லைங்க சார். பல்லை எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா? யார் எடுத்தாங்க?"

"அது வேணாம் சார். சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"பெரியாஸ்பத்திரியிலயா?"

"இல்லைங்க. ஸ்ரீரங்கத்துல." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் உறுப்பினர்கள் சிலர்தான். இரண்டு நாள் கழித்து, மருத்துவருக்கான அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். மேடத்தின் வீதி அப்போது நோய்த்தொற்றுக்காகத் தகரம் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். பால் பூத் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவர் வீட்டின் கொல்லைக் கதவு திறந்திருந்தது. வாசலில், தலையையும் தாடையையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு இரண்டு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கவச உடையில் ஓர் உருவம் வந்து ஒருவரை உள்ளே கூப்பிட்டது. அந்த நடையை எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்களையெல்லாம் மூடச் சொல்லிவிட்டு, என் நோயாளிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு பக்கக் கடிதம் தட்டச்சு செய்தேன். அடைக்கப்பட்ட வீதியில், பின்வழியாக, ஊருக்குச் சொல்லாமல் சிகிச்சை நடக்கிறது. எல்லாம் உண்மை. படத்தையும் இணைத்து, பெயர் போடாமல் சுகாதார அதிகாரி ஒருவருக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மேடத்தின் கிளினிக்குக்குச் சீல் வைத்தார்கள். செயலாளர் என்ற முறையில் மேடத்தை நான்தான் முதலில் போனில் அழைத்தேன். "மனசைத் தளர விடாதீங்க மேடம். யாரோ வேண்டாதவங்க செஞ்ச வேலை" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் நாக்கு கசக்கிறது.

அந்த வாரக் கூட்டத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. "ஆமா, நான்தான் பார்த்தேன். கொல்லையில திறந்த இடத்துல நாற்காலியைப் போட்டுப் பார்த்தேன். உதவிக்கு யாரையும் வெச்சுக்கலை. நீங்க மாத்திரை சொல்லி அனுப்பினவங்கதான் அத்தனை பேரும். பெரியாஸ்பத்திரிக்குப் போக பயந்துக்கிட்டு வீக்கத்தோட வீட்டுல கிடந்தாங்க."

சரவணன்தான் பேசினார். "எங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா மேடம்? எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நாளைக்கே எல்லாரும் திறப்பீங்க சரவணன். உங்க வீடுகள்ல சின்னக் குழந்தைங்க இருக்கு, வயசானவங்க இருக்காங்க. நான் தனியா இருக்கேன். எனக்கு ஒண்ணு ஆனா என்னோட போகும்னு நினைச்சேன். நான் செஞ்சது தப்புதான்."

அவருடைய ராஜினாமாக் கடிதத்தை நான்தான் வாசித்தேன். உறுப்பினர்கள் ஏற்கவில்லை. எல்லோரிலும் உரக்க "வேண்டாம்" என்றவர் சரவணன். ஆனாலும் சிலருக்குச் சந்தேகம் போகவில்லை. தன் நோயாளிகள் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் மேடம் திறந்து வைத்திருந்தார் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எனக்கே முழுதாகத் தெளிவில்லை. வேலை செய்யாமல் அவரால் ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியாது என்பதும் அதில் ஒரு பங்கு என்று நினைக்கிறேன்.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் நல்ல காரியம் ஒன்று பிறந்தது. மறைவாகச் செய்ததை வெளிப்படையாக, முறை வைத்துச் செய்யலாம் என்று மேடமே சொன்னார். அதிகாரிகளிடம் பேசி அனுமதி வாங்கினார். ஜன்னல் அதிகம் உள்ள மூன்று கிளினிக்குகளைத் தேர்ந்தெடுத்து, தினம் ஒருவர் என்று முறை போட்டோம். அவர் வயதைச் சொல்லி முறையில் சேர்க்க மறுத்துவிட்டோம். "அப்படின்னா போனை என்கிட்ட குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். திருச்சி முழுவதிலிருந்தும் வரும் அழைப்புகளை அவரே எடுத்தார். "வாய் எவ்வளவு திறக்குது? ரெண்டு விரல் போகுதா? எச்சில் முழுங்க முடியுதா? வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருக்கா?" இந்த நான்கு கேள்விகளில் யாரை அன்றே பார்க்க வேண்டும் என்று பிரித்துவிடுவார்.

என் முறை வந்த ஒரு நாள், உறையூர் நெசவாளர் ஒருவரை அப்படித்தான் அனுப்பினார். கழுத்து வரை இறங்கிய வீக்கம். சீழை வெளியேற்றி, மூச்சு சீராகி அவர் எழுந்து உட்கார்ந்ததும் மேடத்துக்குச் சொன்னேன். "கை நடுங்கித்தா அருள்?" என்றார். "நடுங்கிச்சு மேடம்." "நடுங்கட்டும். சாப்பிட்டீங்களா?"

இதற்கிடையே அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினார். அதிகாரி அதை அவரிடம் காட்டியிருக்கிறார். "எழுதினவர் நல்லா எழுதியிருந்தார். ஒரு பொய்கூட இல்லை" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். அதன்பிறகு அவர் செய்த எதுவும் எனக்கு நேராகத் தெரியவில்லை. என்னைப் பாராட்டினால் குத்திக்காட்டுகிறார் என்று தோன்றும். தன் பதவிக்காலம் முடிந்ததும் அடுத்த தலைவராக என் பெயரை முன்மொழிந்தார். என்னை மேடையில் ஏற்றிவிட்டுத்தான் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறார் என்று பயந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகள் போயின.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை அவரைப் பார்க்கப் போனேன். இதய நோய் வந்து தொழிலை நிறுத்தியிருந்தார். எனக்கு அடுத்து தலைவராகச் சரவணன் வரலாமா என்று யோசனை கேட்டேன். உடனே தலையசைத்தார்.

"அவர் வேணாம் அருள்."

"ஏன் மேடம்? நல்லா உழைக்கறாரே."

"முதுகுக்குப் பின்னால எழுதற ஆள் தலைவரா வரக் கூடாது."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கூட்டத்தில் நேருக்கு நேர் கேள்வி கேட்டவர் என்பதால், ஷட்டர் விஷயத்தில் அவமானப்பட்டவர் என்பதால், கடிதம் எழுதியது சரவணன் என்று இத்தனை காலம் அவர் எண்ணியிருக்கிறார். என்னை அவர் சந்தேகிக்கவே இல்லை. முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்புறம்தான், சங்கக் கூட்டங்களில் சரவணன் வணக்கம் சொன்னால் மேடம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வது நினைவுக்கு வந்தது.

"மேடம், அதை எழுதினது நான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போட்டோ?"

"அதுவும் நான்தான்."

"சரவணன்கிட்ட நாலு வருஷமா முகம் குடுத்துப் பேசலையே நான்" என்றார். "கடுதாசிக்காக உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அது நியாயமான கடுதாசி. கையெழுத்துப் போட்டிருந்தா உங்களைக் கும்பிட்டிருப்பேன். எழுதிட்டு எனக்கே போன் பண்ணி ஆறுதல் சொன்னீங்க பாருங்க. அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை."

என் எதிரிலேயே சரவணனை அழைத்தார். "சரவணன், நான் வேதவல்லி பேசறேன். உங்களை நான் ரொம்ப நாளா தப்பா நினைச்சிட்டிருந்தேன். வந்து ஒரு தடவை என்னைத் திட்டிட்டுப் போங்க." மறுநாள் மாலை சரவணன் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தான் இருக்கும்வரை இதை வெளியே பேச வேண்டாம் என்றும், தலைவர் பொறுப்பை நான் பாதியில் விட்டால் காரணம் தேடி ஊர் வேறு யாரையாவது சந்தேகிக்கும் என்றும் மேடம் எனக்குச் சொல்லி அனுப்பினார். அதற்குக் கட்டுப்பட்டேன். ஆனால் அன்றோடு "அருள்" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கடைசிவரை எனக்கு "டாக்டர்"தான்.

வரும் பொதுக்குழுவோடு என் காலம் முடிகிறது. சரவணனின் பெயரை நானே முன்மொழிவேன். என்னைப் பற்றி உறுப்பினர்கள் நினைக்க வேண்டியதை நினைத்துக்கொள்ளட்டும்.

செய்தி வந்த அந்த வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு நானும் சரவணனும் வடக்குச் சித்திரை வீதிக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே சடங்குகள் நடந்துகொண்டிருந்தன. வாசலிலும் எதிர்வரிசை நிழலிலும் கூட்டம். மேடத்தின் தம்பி வெளியே வந்து, அந்த முகங்களைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு என்னிடம், "யார் இவாள்லாம்? நம்மாத்துக்கு வந்து பார்த்ததே இல்லையே" என்று கேட்டார். எனக்கும் அவர்களில் யாரையும் தெரியவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் முன்னால் வந்தார். வயல்வேலைக்காரர் என்று கையைப் பார்த்ததும் தெரிந்தது. வாயைத் திறந்து, ஒரு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, பல் இல்லாத அந்த இடத்தைத் தம்பியிடம் காட்டினார். தம்பி குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு வாசலை விட்டு விலகி, "உள்ளே வாங்கோ" என்றார்.

கொள்ளிடக் கரை மயானம்வரை அவர்களும் நடந்து வந்தார்கள். போய் வாருங்கள், மேடம். உங்களைப் பற்றி நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. இதில் கையெழுத்து இருக்கிறது.

— அருள், உறையூர்