சீட்டில் விழுந்த வயல்

பல்லுயிர்ப் பாதுகாப்பைப் பாடமாக நடத்திப் பிழைக்கிறவள் நான். உட்கார்ந்த இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. வகுப்பில்கூடப் பலகைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டேதான் பேசுவேன். அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு நாள்தான் ஆழ்வார்குறிச்சியிலிருந்து என் ஆய்வு மாணவி போன் செய்தாள். கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றாள், காரணம் சொல்லவில்லை. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. வண்ணார்பேட்டை நெரிசலில் பஸ் நகராமல் நின்றபோது டிரைவரைத் திட்டலாம்போல இருந்தது.

நெல் வயல்களில் மயில்கள் செய்யும் சேதம்தான் அவள் ஆய்வு. எந்தெந்த வயலைக் கவனிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். அவரவருக்குத் தோதான வயலை எடுத்தால் ஆய்வு கெட்டுப்போகும். சீட்டில் அவள் அப்பாவின் வயலும் விழுந்தது. வேறு சீட்டு எடுக்கட்டுமா என்று கேட்டாள். அதெல்லாம் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் நாற்றங்கால் ஓரத்தில் மயில்கள் செத்துக் கிடந்தன. பக்கத்தில் மருந்து கலந்த நெல். யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பா மண்வெட்டியோடு அங்கேயே நின்றார். மயிலைக் கொன்றால் ஜெயில் என்று அவருக்கும் தெரியும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதைப் படிக்கிற பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு தடவ நாத்து பாவிட்டேன். மயிலு வந்து தின்னுட்டுப் போவுது, நீங்க வந்து எண்ணிட்டுப் போறிய. நான் என்ன செய்யட்டும்?"

வரப்பில் அங்குமிங்குமாக நடந்தேன். வனத்துறைக்குச் சொல்லாவிட்டால் இந்த வயலைப் பற்றி அவள் எழுதுவதெல்லாம் பொய். சொன்னால் அப்பா உள்ளே போவார். எத்தனையோ மேடைகளில் மயிலுக்காகப் பேசியிருக்கிறேன். அந்த நேரத்தில் சனியன் பிடித்த மயில் என்றுதான் மனசுக்குள் வந்தது. இந்த வயலே வேண்டாம், எல்லாவற்றையும் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் கேட்டாள். "ரேஞ்சருக்கு நீங்க போன் போடுதியளா மேடம், நான் போடட்டுமா?"

அப்பாவைப் பார்க்காமல்தான் கேட்டாள். போனை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள். பெற்ற மகள் வாயால் அது வேண்டாம் என்று எனக்குப் பட்டது. நானே பேசுகிறேன் என்று கையை நீட்டினேன்.

அவர்தான் தடுத்தார். மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு, "அவளே போடட்டும் மேடம்," என்றார். "நீங்க போட்டா, அப்பன் செஞ்சதப் புள்ள மறைக்கப் பாத்தாள்னு சொல்லுவாவ. அவ படிப்பு போயிரும்."