தேங்காய் எண்ணெய் தடவிய பில்டர்

பட்டாளம் ஏலம் விட்ட ஒரு மோட்டார் சைக்கிள் அந்த நாளில் என்னிடம் இருந்தது. பாறசாலைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து கள்ளிக்காட்டு ரப்பர் தோட்டத்துக்குத் தினமும் போய்வருகிற கணக்கப்பிள்ளை வேலை எனக்கு. வழி முழுக்கச் செம்மண். அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

எல்லைப் போராட்டம் சூடாக நடந்த வருஷங்கள் அவை. எங்கள் தாலுகா மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழர் பக்கம் சேர வேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமும், அதை அடக்கப் போலீசும். ஒரு நாள் பஸ் ஓடும், மூன்று நாள் ஓடாது.

என் அக்கா அதற்கெல்லாம் முன்பே ஒரு காரியம் செய்திருந்தாள். பாலராமபுரம் பள்ளிக்கூடத்தில் தன்னோடு வேலை பார்த்த மலையாள வாத்தியாரை வீட்டில் கேட்காமல் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையும் எங்களைப் போலக் கிறிஸ்தவச் சபைக்காரர்தான். ஆனாலும் அப்பா மசியவில்லை. ஆறு வருஷம் அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. மொழிச்சண்டை வந்ததும் அவருடைய பிடிவாதத்துக்குக் கொள்கை என்று ஒரு பெயரும் கிடைத்துவிட்டது. எனக்கு அதில் வந்த எரிச்சல் கொஞ்சமல்ல.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்று மத்தியானம் கஞ்சி கொடுக்கப் போனபோது அப்பா என் சட்டையைப் பிடித்தார்.

“எலே மக்கா, அவளுக்க மொகத்த ஒண்ணு பாக்கணும்.”

எவளுடைய முகம் என்று நான் கேட்கவில்லை.

“இப்பமே போய்க் கூட்டிட்டு வாறேன் அப்பா” என்றேன். போயிருக்க வேண்டும். அம்மாதான் தடுத்தாள். ரோட்டில் கல்லெறி நடக்கிறதாம், மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம், விடியக்காலம் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கும் அது சரியென்று பட்டது. நடுவழியில் வண்டி காலை வாரக் கூடாதே என்று அந்த மாலையில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்.

முக்கியமாகப் பில்டர். கார்புரேட்டருக்குள் போகிற காற்றிலிருந்து தூசியைப் பிடிக்கும் தகர டப்பா அது. உள்ளே சுருள் சுருளாகக் கம்பி வலை. மண்ணெண்ணெயில் அலசினால் செம்மண் குழம்பு போல இறங்கும். வெயிலில் காயவைத்து, இன்ஜின் ஆயிலில் முக்கி, வடியவிட்டு மாட்ட வேண்டும். ஆயில் பசை இருந்தால்தான் தூசி ஒட்டும். அன்று வீட்டில் ஆயில் ஒரு சொட்டு இல்லை. கடையடைப்பு. அடுக்களையில் தேங்காய் எண்ணெய் ஒரு பரணி ஜாடி நிறைய இருந்தது. எண்ணெய்தானே என்று வலையை அதில் முக்கினேன். வழக்கத்தைவிடத் தாராளமாகவே முக்கினேன். மாட்டி உதைத்ததும் வண்டி அழகாகப் பாடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடியுமுன் புறப்பட்டேன். அடுப்பங்கரையை ஒட்டிய சாய்ப்புக் கொட்டகையில் அடுப்புச் சூட்டில் நின்ற வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. பெரிய ரோட்டை விட்டு அதியன்னூர் பக்கம் வயல்வழியே மண்பாதையில் போனேன். மூடுபனி. கைவிரல் மரத்துப்போகிற குளிர். வயல் நடுவே வண்டி இருமியது, கறுப்பாகப் புகைந்தது, நின்றது.

பெட்ரோல் இருந்தது. பிளக்கில் கரி. துடைத்து மாட்டினேன். இரண்டு உறுமல், மறுபடி கரி. கார்புரேட்டரைப் பிரித்தேன், ஊதினேன், பூட்டினேன், தள்ளிக்கொண்டு ஓடினேன். வேறு எதைச் சந்தேகப்பட்டாலும் பில்டரைச் சந்தேகப்படவில்லை. நேற்றுத்தானே என் கையால் சுத்தம் செய்தேன்! கடைசியில், வேறு கழற்ற எதுவும் இல்லாததால், அதைத் திறந்தேன். வலை முழுக்க வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது, காற்றுப் போக வழியில்லை. தனுமாத, அதாவது மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டியாகும் என்பது எங்கள் ஊரில் தலைக்கு எண்ணெய் தேய்க்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். குப்பியை அடுப்பருகில் வைத்து உருக்காத வீடு உண்டா? எனக்கு அது தலையில் தேய்க்கும்போதுதான் நினைவிருந்தது போலும்.

டப்பாவை வயலில் வீசிவிட்டு, பிளக்கைத் துடைத்து, பில்டர் இல்லாத வெறும் வாயோடு வண்டியை விரட்டினேன். அதற்குள் பனி விலகி வெயில் வந்துவிட்டது. பாலராமபுரத்தில் அப்பா கேட்டதைச் சொன்னதும் அக்கா உடுத்திருந்த சேலையோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள். அக்கா இறங்கி ஓடினாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, “இப்பத்தான் மக்கா. வாசலையே பாத்துட்டுக் கெடந்தாரு” என்றாள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அக்கா என் பக்கத்தில் வந்தாள். “எலே, நீ விடியக்காலமே எறங்கினேன்னு அம்மா சொல்லுதா. இவ்வளவு நேரம் எங்க நின்ன?”

“போலீசுக்காரன் மறிச்சுட்டான் அக்கா.”

எப்படி அந்தப் பொய் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. யோசிக்கவே இல்லை. அந்த வருஷங்களில் எவரும் நம்புகிற பொய் அது. அக்காவும் நம்பினாள்.

எல்லை பிரிந்தது. நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். அக்கா பிள்ளைகள் பெற்றாள், பேரன் பேத்தி கண்டாள். சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவளிடம் வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவளைப் பார்க்கப் போனபோது, தலைமாட்டில் நின்ற நர்ஸிடம் என்னைக் காட்டி, “எனக்க தம்பி. அப்பாட்ட என்னெக் கூட்டிட்டுப் போக வந்து, போலீசுட்ட அடி வாங்கினவனாக்கும்” என்றாள்.

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் தலையாட்டினேன். அடுத்த வாரம் அவளையும் அடக்கினோம்.