ஆர்.சி. புக்கில் என் பெயர்

என் மோட்டார் சைக்கிளை விற்பதா, ரிப்பேர் செய்து வைத்துக்கொள்வதா என்று ஒரு மாதம் பேச்சு நடந்தது. பேசியவர்கள் என் கணவரும் மெக்கானிக்கும். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த வண்டியை நான் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தேன். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள் நான். அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் சி மொழி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு முதல் வகுப்பு. இரண்டு பஸ் மாறிப் போனால் பாதி வகுப்பு போய்விடும். அந்தச் சமயத்தில் தார்நாகாவில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகிறார், வண்டியை விற்கிறார் என்று தெரிந்தது. போய்ப் பார்த்தேன். நூறு சிசி, நாலு கியர், கிக்கர். ஸ்கூட்டர்தான் தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் ஓட்டிப் பழகி, திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்விட்டேன். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள், பிறகு என் துப்பட்டாவைப் பார்ப்பார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

பிறகு கல்யாணம். அவர் கோயம்புத்தூர்க்காரர், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. மாரெட்பள்ளியில் வாடகை வீடு எடுத்தோம். கர்ப்பமானதும் வண்டி ஓட்டாதே என்றார், நியாயம்தான். குழந்தை பிறந்ததும் கொஞ்ச நாள் வேலைக்குப் போகாதே என்றார், அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நாள் நாலு வருடமாயிற்று. வண்டி மாடிப்படிக்குக் கீழே சாரல் படுகிற இடத்தில், டேங்கில் பாதி பெட்ரோலோடு நின்றது. மகளைப் பள்ளியில் சேர்த்ததும்தான் அதை வெளியே எடுத்துத் துடைத்து, சர்வீஸ் செய்து, மறுபடி ஓட்ட ஆரம்பித்தேன். மூன்று வருடம் ஓரளவு ஓடியது. அப்புறம் மக்கர்.

ஓடும்போது ஒழுங்காக ஓடும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் அணைந்துவிடும். அதாவது ஒவ்வொரு சிக்னலிலும் அணையும். ஒருநாள் காலை மெட்டுகூடா சிக்னலில், பின்னால் மகள் உட்கார்ந்திருக்க, அணைந்தது. அன்று அவளுக்குப் பரீட்சை. பச்சை விழுந்துவிட்டது. பின்னால் பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் உதைத்தேன், உதைத்தேன், பெட்ரோல் வாடைதான் வந்தது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, வீட்டில் ஆம்பளை இல்லையா, உனக்கு எதற்கு இந்த வண்டி என்று தெலுங்கில் கத்தினார். மகள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஆட்டோலோ வெள்தாம் மம்மி" என்றாள், ஆட்டோவில் போய்விடலாம் என்று. தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். வண்டியை ஓரத்துக்குத் தள்ளி, ஆட்டோ பிடித்து அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து வண்டியை மாரெட்பள்ளி வரை தள்ளிக்கொண்டே போனேன்.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, அதற்குள் பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டில் காற்றடித்து, மாட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் ஓடியது. மறுபடி கொண்டுபோனேன். மறுபடி காற்றடித்தார். மூன்றாவது தடவை ஐடிலிங் ஸ்க்ரூவை முறுக்கி, நிற்கும்போதே வண்டி அலறும்படி செய்துவிட்டு, இனி அணையாது என்றார். நாலாம் நாள் அதுவும் அணைந்தது.

நான் கேட்டேன், "பய்யா, ஜெட்டில் அடைப்பு எடுக்கிறீர்கள், சரி. அடைப்பு எங்கிருந்து வருகிறது?"

அவர் சிரித்தார். "பழைய வண்டி மேடம். கார்புரேட்டர் போச்சு. புதுசு போடலாம், அதுவும் ரொம்ப நாள் நிக்காது. இந்த வண்டி நக்கோ, வேணாம். சாரை அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்."

"வண்டி என்னோடது. என்கிட்ட பேசுங்க."

"ஹவ் மேடம், ஆமா" என்றார் மரியாதையாக. "சார் நம்பர் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. ஆனால் நம்பர் ஏற்கெனவே அவரிடம் இருந்தது. அடுத்த வாரமே எனக்கு அது தெரிந்தது. மகளின் பள்ளி ரசீதைத் தேடி அலமாரியைத் திறந்தபோது, என் ஆர்.சி. புக்குக்குள் மடித்த காகிதங்கள் இருந்தன. வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான ஆர்.டி.ஓ. படிவங்கள். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், எங்கள் முகவரி, எல்லாம் என் கணவரின் அழகான கையெழுத்தில் பூர்த்தியாகியிருந்தன. விற்பவர் என்ற இடத்தில் என் பெயர். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு வங்கியில் அப்படித்தான் குறி போட்டுக் கொடுப்பார்கள்.

சாயங்காலம் அவர் கம்பெனி வண்டியில் வந்து இறங்கினார். காகிதங்களை மேஜை மேல் வைத்தேன். அவர் பதறவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மெக்கானிக்கிட்டப் பேசினேன் கண்ணு. இனி அதுக்குச் செலவு பண்றது தண்டம்னு சொல்லிப்போட்டான். நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் வேணுங்கறார். ஞாயித்துக்கெழம வர்றார்" என்றார்.

"என்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"சொன்னா நீ வேண்டாம்ப. அதான்."

"அப்ப நான் வேண்டாம்பேன்னு தெரியும்."

"உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன். நடுரோட்ல கொழந்தைய வெச்சுக்கிட்டு நிக்கறயில்ல? போச்சாது, விடு. அப்பறமா கார் வாங்கலாம், அது ஓட்டுவியாமா."

அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அவர் உயர்த்தாததால் என் குரல்தான் வீடு முழுக்கக் கேட்கும். கத்துகிறவள் நான், பொறுமையாக இருக்கிறவர் அவர் என்று பக்கத்து வீடு வரை பெயர். அன்றும் அப்படித்தான் ஆயிற்று. கத்திவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றேன். கோபத்தில் எனக்கு அழுகை வரும். அழுதால் கோபம் போய்விட்டது என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். அதனால் அடக்கிக்கொண்டேன். படிவங்களை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அவர் விடவில்லை. சனிக்கிழமை நானும் மகளும் கடைக்குப் போயிருந்தபோது மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து, கார்புரேட்டரை மறுபடி சுத்தம் செய்யவைத்து, வண்டிக்குப் பாலிஷும் போடவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸ்காரர் வந்தார். ஊருக்குப் புதிது, விழுப்புரம் பக்கத்துத் தமிழர், கூகட்பள்ளியில் வீடு எடுத்திருக்கிறார். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம் இருக்கும். மாடி ஏற வேண்டாம் என்று கீழேயே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.

ஆபீஸ்காரர் வண்டியை ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தார். நேற்றுத்தானே சுத்தம் செய்தது. எஞ்சின் சத்தம் கேட்கவே நன்றாக இருந்தது.

"எப்பவும் இப்படியே எடுத்துடுமா சார்?" என்று கேட்டார்.

"ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றார் என் கணவர். "ஒரே கிக்குதான்."

"குளிர் நாள்ல ஸ்டார்ட் பண்ண சோக் போடணுமா? சோக் எங்க சார் இருக்கு?"

என் கணவர் குனிந்து ஹேண்டில்பாரைப் பார்த்தார். ஆர்வமாகப் பார்த்தார். அங்கே இருந்தால்தானே.

"செக்கப்புக்கெல்லாம் இவளை இதிலேயே கூட்டிட்டுப் போயிடலாம்னு பாக்குறேன்" என்றார் ஆபீஸ்காரர். அந்தப் பெண் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். வயிற்றின் மேல் ஒரு கையை வைத்திருந்தாள். என் கணவர், "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நான் அங்கே போய் நின்றேன்.

"சோக் அங்க இல்ல. கீழ, கார்புரேட்டர் பக்கத்துல இருக்கு. இவருக்குத் தெரியாது, இவர் இந்த வண்டிய ஓட்டுனதே இல்ல" என்றேன். "நேத்து கார்புரேட்டர் கிளீன் பண்ணியிருக்கு, அதனால ஓடுது. ரெண்டு நாள்ல சிக்னல்ல அணையும். போன மாசம் என் பொண்ணு பின்னால உக்காந்திருக்கறப்ப பஸ்ஸுக்கு முன்னால அணைஞ்சுது. இதுல நீங்க இவங்கள வெச்சுக்கிட்டுப் போக வேணாம்."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆபீஸ்காரர் அதை அணைத்தார். என் கணவரைப் பார்க்காமல், "நல்லவேளை சொன்னீங்க சிஸ்டர்" என்றார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மனைவியைக் கையைப் பிடித்து எழுப்பி, தெருமுனைக்குப் போய் ஆட்டோ ஏறினார்கள்.

வீட்டுக்குள் வந்ததும்தான் முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"என்ற ஆபீஸ்காரன் முன்னாடி என்னைப் பொய்யன்னு சொல்லிப்போட்டயே."

"நான் சொல்லல. தொந்தரவே இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க."

"பழைய வண்டிய எல்லாரும் இப்படித்தான் விக்கறாங்க. வாங்கறவன்தான் பாத்துக்கோணும்."

"அந்தப் பொண்ணைப் பாத்தீங்களா இல்லையா?"

அதன் பிறகு அவர் எட்டு நாள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை மகளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. புரோகிராம் தப்பான விடை கொடுத்தால் விடையைத் திருத்தாதே, உள்ளே என்ன போகிறது என்று பார். மெக்கானிக் நாலு தடவையும் கார்புரேட்டரைத்தான் பார்த்தார். அதற்குள் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை. நான் பெட்ரோல் ட்யூபைப் பிடுங்கி, ஒரு பழைய வெள்ளை பனியன் வழியாகப் பெட்ரோலை வடித்தேன். பனியனில் செங்கல் நிறத்தில் பொடி. டேங்குக்குள் துரு. பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாயைக் கழற்றினால், அதற்குள் இருக்க வேண்டிய வலைச் சல்லடை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. துரு முழுக்க நேராகக் கார்புரேட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

டேங்கைக் கழற்றி, கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு பிடி சின்ன நட்டுகளும் உள்ளே போட்டு, மடியில் வைத்து ஆட்டினேன். கொட்டினேன், மறுபடி ஊற்றினேன், மறுபடி ஆட்டினேன். மதியம் வரை அதே வேலை. கை வலி தாங்கவில்லை. ஆட்டும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்தத் துரு எப்போது பிடித்தது என்று. படிக்குக் கீழே அது நின்ற நாலு வருடத்தில் பிடித்தது. அந்த நாலு வருடமும் நான் மேலே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தபோது, அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி என் பக்கம் திரும்பியது. எதையும் அவர் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. மெதுவாகச் சொன்னார், நான் ஒவ்வொன்றுக்கும் சரி என்றேன்.

புதுக் குழாய் வாங்க மெக்கானிக் கடைக்கே போனேன். பழையதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் கழட்டினது, சாரா?" என்றார்.

"நான்தான். நாலு தடவ கார்புரேட்டரத்தான் பாத்தீங்க. இதை ஒரு தடவ திறந்திருந்தா அன்னிக்கே சரியாகியிருக்கும்."

அவர் புதுக் குழாயைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் கேட்காமலே வாஷரும் கொடுத்தார். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வண்டி சரியாகிவிட்டது. ஐடிலிங் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கிவைத்தேன். மறுநாள் காலை மெட்டுகூடாவிலும் தார்நாகாவிலும் சிக்னலில் நின்றபோது அமைதியாகத் துடித்துக்கொண்டு நின்றது. இனி விற்றிருக்கலாம், நேர்மையாகவே விற்றிருக்கலாம். விற்கவில்லை.

ஜூன் மாதம் அமீர்பேட்டில் பழைய இடத்துக்குப் போய் வேலை கேட்டேன். சி மொழிக்கு இப்போது ஆள் வருவதில்லை, எல்லோரும் ஜாவாவும் டெஸ்டிங்கும் கேட்கிறார்கள் என்றார்கள். என்னிடம் படித்த ஒருவர் அங்கே மேலாளராக இருந்தார். அவருக்குக் கீழே லேபில் உதவியாளராகச் சேர்ந்து, ஒரு வருடம் கழித்துத்தான் வகுப்பெடுக்க விட்டார்கள். அந்த வருடம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன்.

என் கணவருக்கு ஆபீஸில் 'சோக்' என்று பட்டப்பெயர் விழுந்ததாகப் பல மாதம் கழித்து ஒரு சண்டையில் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் சிறுத்துப்போயிருந்தது. வண்டி அணையும் என்று மட்டும் நான் சொல்லியிருக்கலாம், அவருக்குத் தெரியாது என்பதைச் சொல்லியிருக்க வேண்டாம். இதை நான் அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை. என்னிடம் கேட்காமல் படிவம் பூர்த்தி செய்தது தப்பு என்று அவரும் இதுவரை சொன்னதில்லை. வேறு எல்லாவற்றையும் பேசிவிட்டோம்.