ஈஸ்டர் பட்டியலில் தங்கச்சி

எங்கள் குடும்பத்தில் ஈஸ்டர் சாப்பாட்டுக்கு ஆள் பட்டியல் எழுதுவது என் வேலை. அம்மா இறந்த பிறகு நான்தான் எழுதுகிறேன். குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து லேபர் கேம்ப் என்கிற பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும், அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யார் யார் வருவார்கள், ஆட்டுக்கறி எத்தனை கிலோ, பிரியாணிக்கு எந்த அண்டா என்று குறித்துக்கொள்வேன். கோபர்கைரனேயில் இருக்கும் அத்தை வீட்டில் மட்டும் பதினோரு பேர். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தால் நாற்பதைத் தாண்டும்.

அந்தத் தாளில் என் தங்கச்சி இருக்கமாட்டாள். கூட வேலை பார்த்த மராத்திக்காரரை அவள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு கோவண்டிக்குப் போய்விட்டாள். "அவ இந்தப் படி ஏறினா நான் எறங்கிப் போயிருவேன்" என்று அப்பா சொன்னார். அதோடு சரி. நானும் அவளும் போனில் பேசிக்கொள்வோம். பண்டிகை என்ற சொல்லை மட்டும் இரண்டு பேரும் எடுக்கமாட்டோம்.

போன வருஷம் நான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூச்சிரைப்பு அதிகமாகியிருந்த நாட்கள் அவை.

"ஏட்டி, அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிரு" என்றார்.

"யாருக்குப்பா?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"சின்னவளுக்கு. அவனையும் கூட்டிட்டு வரட்டும்."

என் மகளுக்கு அத்தை மூலமாக ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அந்த வீட்டாரும் அன்றைக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. தங்கச்சி கதை அவர்களுக்குத் தெரியாது; தெரிந்து சம்பந்தம் கெட்டால் அத்தை வாய் என்னைச் சும்மா விடாது. "இந்தத் தடவை வேண்டாம்ப்பா. அடுத்த ஈஸ்டருக்குக் கூப்பிடுவோம்" என்றேன்.

அப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "ஒனக்குத் தோதுபோல செய்யி" என்றார்.

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் அப்பா இறந்துபோனார். அடக்க ஆராதனையில் தங்கச்சி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "கடைசி வரைக்கும் என்னைய நெனைக்கவே இல்லையேக்கா" என்று அழுதாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

இந்த வருஷம் பட்டியலில் முதலில் அவளைத்தான் எழுதினேன். மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு நேராகக் கோவண்டிக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் "பஸா, தாயி" என்று மராத்தியில் அக்காவை உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சாயா போடப் போனார். அவள் தரையில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. "திருப்பிச் சொல்லு. அப்பா சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன்.

"அவனையும் கூட்டிட்டு வரட்டும்னா சொன்னாரு?"

"ஆமா."

அவள் உள்ளே பார்த்து அதை மராத்தியில் சொன்னாள். அவர் சாயாத் தம்ளரோடு வாசலில் வந்து நின்றார். தம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நீ அன்னைக்கே சொல்லிருந்தா பண்டிகை வரைக்கும்கூட காத்துட்டு இருந்திருக்கமாட்டேன்க்கா. அந்த ராத்திரியே ஓடி வந்திருப்பேன்."

"தெரியும்ளா."

"இப்ப எதுக்குச் சொல்லுத? ஒனக்குப் பாரம் எறங்கணும்னா?"

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். "அப்பா இல்லாத வீட்டுல வந்து நான் என்ன சாப்பிட?" என்றாள். மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் அன்று நாற்பத்தொரு பேர் சாப்பிட்டார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தபோது அத்தை என்னைப் பார்த்து, "ஏட்டி, சின்னவ வரலியா? அண்ணன்தான் இல்லையே, இனி யாரு என்ன சொல்லப்போறா? கூப்பிட்டிருக்கலாம்லா" என்றாள். போன வருஷம் இந்த அத்தையின் வாய்க்குப் பயந்துதான் நான் அப்பாவை மறித்தேன். கறி வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், மூன்று மணி வாக்கில், டிபன் கேரியரில் பிரியாணியும் கறியும் எடுத்துக்கொண்டு கோவண்டிக்குப் போனேன். தங்கச்சிதான் கதவைத் திறந்தாள். கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரங்களுக்கு மாற்றும் சத்தமும் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. கேரியரைக் கழுவி, துடைத்து, அப்போதே கொண்டுவந்து நீட்டினாள்.

எங்கள் வீடுகளில் வந்த பாத்திரத்தை அன்றைக்கே கொடுக்கமாட்டோம். வெறுமையாகவும் கொடுக்கமாட்டோம். ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுவைத்து, அதைக் கொடுக்கிற சாக்கில் இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம். கேரியர் கையில் லேசாக இருந்தது.

"நான் போன் பண்ணுதேன்க்கா. அதுவரைக்கும் நீ பண்ணாத" என்றாள்.

சரி என்றேன். ஸ்டேஷனுக்கு வந்து வண்டி ஏறினேன். கூட்டமில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு மாதமாகிறது, அவள் இன்னும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.