கொல்லயிலில் ஐந்து நாள், உப்பில்லாமல்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் களியக்காவிளை பஸ் ஏறியபோது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் மாற்றுத் துணி. மற்றதில் தினை, சாமை, சிவப்பரிசி அவல், கருப்பட்டி, மதுரையிலிருந்து சுமந்துவந்த முருங்கைக்கீரைப் பொடி, பஸ் நிலைய வாசலில் வாங்கிய ஒரு சீப்பு செவ்வாழை. கிலோ எண்பது ரூபாய் என்றான் பழக்காரன். எழுபதுக்குக் கேட்டேன், அசையவில்லை. நோயாளி வீட்டுக்கு ஆரோக்கியத்தையே மூட்டை கட்டிக்கொண்டு போகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஸ்டெல்லாவும் நானும் முப்பது வருஷத்துக்கு முன் நாகர்கோவிலில் ஒன்றாக ஆசிரியர் பயிற்சி படித்தவர்கள். அவள் எல்லை தாண்டிக் கொல்லயிலில் வாழ்க்கைப்பட்டாள். கணவர் தங்கராஜ் எலக்ட்ரீஷியன். பதினான்கு மாதமாக அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் நெய்யாற்றின்கரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு உயிரோடு இருக்கிறார். என் கதை வேறு. எட்டு மாதத்துக்கு முன் என் கணவர் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து நான் சமைப்பதில்லை. மெஸ் பொட்டலம், டீ, பிஸ்கட். தூக்கமும் கிடையாது. போனில் இதைச் சொல்லி அழுதபோது ஸ்டெல்லா சொன்னாள்: "அடுப்புல நிக்கிய நேரம் மட்டும் எனக்க மனசு அடங்கிக் கெடக்கும் மக்கா. நீ ஒரு தடவ வா. வந்து பாரு." அந்த அடக்கம் எனக்கும் வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தப் பயணம். ஊர் பார்க்கும் ஆசை எதுவும் இல்லை.

மார்த்தாண்டத்தில் நெரிசல். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. களியக்காவிளையில் இறங்கினால் மாநிலம் மாறியது கடைப் பலகையில்தான் தெரிகிறது. பேச்சு மாறவில்லை, ஒரே வாக்கியத்தில் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிறார்கள். கொல்லயிலுக்கு ஆட்டோக்காரர் நூற்றெண்பது ரூபாய் கேட்டார். வீட்டுப் பெயர் சொன்னேன், புரியவில்லை. தங்கராஜ் என்றேன். "கிட்னி போன எலக்ட்ரீஷியனா?" என்றார். ஊரெல்லாம் கம்பி இழுத்து விளக்குப் போட்ட மனுஷனுக்கு இப்போது அதுதான் முகவரி.

பாறசாலை தாண்டியதும் ஆட்டோவை ஒரு கடையோரம் நிறுத்தினார். அங்கே இளநீர் குலை குலையாகத் தொங்கியது. இளநீரை இந்தப் பக்கம் கருக்கு என்பார்கள். சீக்குக்காரரைப் பார்க்க இங்கே யாரும் கருக்கு இல்லாமல் போவதில்லை, வாங்குகிறீர்களா என்று கேட்டார். நான் என் பையைத் தட்டிக் காட்டி, அதைவிட நல்லதெல்லாம் இதில் இருக்கிறது, வண்டியை எடுங்கள் என்றேன்.

ஸ்டெல்லா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். பாதியாக இளைத்திருந்தாள். தங்கராஜ் அண்ணன் நாற்காலியில் இருந்தபடி கையைத் தூக்கினார். கறுத்து, முகம் ஊதி, எனக்குத் தெரிந்த ஆளே இல்லை. அடுக்களைக்குப் போனதும் நான் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இதில் என்ன சத்து, அதில் என்ன சத்து என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். நான் முடிக்கும்வரை அவள் கேட்டாள்.

"இதெல்லாம் நமக்கு மக்கா. அவருக்கு ஆவாது. எடுத்து மேல வையி."

எனக்குச் சுருக்கென்றது. எண்பது ரூபாய் பழத்தையும் மதுரைக் கீரைப் பொடியையும் பரணில் வை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கீரை கெடுதலா, சிவப்பரிசி கெடுதலா, வாழைப்பழம் விஷமா என்று எகிறினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. பழத்திலும் கீரையிலும் உள்ள உப்புகள் நம் உடம்பில் சிறுநீரோடு போய்விடும். அவருக்குப் போக வழியில்லை. ரத்தத்தில் சேர்ந்து நெஞ்சை நிறுத்திவிடும் என்றாள். நமக்கு எது எவ்வளவு நல்லதோ அவருக்கு அது அவ்வளவு ஆபத்து. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான். எடுத்து வைத்ததையெல்லாம் பரணில் ஏற்றினேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அவளோடு எழுந்தேன். முதல் வேலை, ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் தண்ணீர் அளந்து மேஜைமேல் வைப்பது. மாத்திரைக்கு, தாகத்துக்கு, காப்பிக்கு என்று அவருக்கு நாள் முழுக்க அவ்வளவுதான். பிறகு காய். அன்றைக்குச் சுரைக்காய். தோல் சீவி, பொடிப்பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டாள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பெரிய பானையில் நிறையத் தண்ணீர் வைத்து வேகவைத்தாள். அதையும் கொட்டினாள். மறுபடி புதுத் தண்ணீர். இந்தப் பக்கத்தில் கசப்பு மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, இப்படித்தான் வேகவைத்து ஊற்றுவார்கள். அந்தப் பழக்கத்தை அவள் எல்லாக் காய்க்கும் கொண்டுவந்துவிட்டாள். அரிசியையும் வடித்துக் கஞ்சியைத் தென்னை மூட்டில் ஊற்றினாள். சின்ன உள்ளி, நல்லமிளகு, ஒரு சொட்டு எண்ணெய். உப்பில்லை. சுற்றிலும் தோப்பு, வீட்டில் தேங்காயும் இல்லை. கொழுப்புக்காக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

"கொதிக்க வச்சு ஊத்தணும், பொறவும் கொதிக்க வச்சு ஊத்தணும். ருசியும் அதுக்க கூடப் போவும். போனா போட்டு. ஆளு இருக்கணும்லா," என்றாள்.

வீட்டில் அவளுக்கென்று தனிக்கறி கிடையாது. அவளும் அதையேதான் சாப்பிடுகிறாள். எனக்கு மட்டும் ஊறுகாய் எடுத்து வைத்தாள். நான் தொடவில்லை. முதல் கவளம் வெறும் பஞ்சு. மூன்றாவது வேளையில் அரிசியின் இனிப்பு தெரிய ஆரம்பித்தது, உண்மையாகவே. அதைவிட முக்கியம், அன்று முழுக்க அவளோடு அரிவாள்மணையில் உட்கார்ந்து நறுக்கினேன். என் கை எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வேலையைத் தானாகச் செய்தது. ஸ்டெல்லா பேசவில்லை, போன் பார்க்கவில்லை. வெந்ததா என்று விரலால் நசுக்கிப் பார்க்கும்போது அவள் முகத்தில் இருந்த அமைதியை நான் படிக்கும் காலத்திலும் பார்த்ததில்லை. தங்கராஜ் அண்ணன் தட்டை வழித்துச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு "ம்" என்றார். அன்றிரவு ஆறு மணி நேரம் தூங்கினேன். வந்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிறு காலை எட்டரைக்கு ஸ்டெல்லா சபைக்குக் கிளம்பினாள். அவர்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள். இரண்டு மாதமாக ஆராதனைக்கே போக முடியவில்லையாம். வந்த அன்றைக்கே அண்ணன் முன்னால் சொன்னபடி நான்தான் பெரிய இவள் மாதிரி, நான் பார்த்துக்கொள்கிறேன், நிம்மதியாகப் போய்வா என்று தள்ளி அனுப்பினேன். பத்து மணிக்கு ஒரு சின்ன டம்ளர் தண்ணீர், வேறொன்றும் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பதரைக்கு அண்ணனின் தம்பி வில்சன் அம்பூரியிலிருந்து பைக்கில் வந்தார். அங்கே ரப்பர் வெட்டுகிறவர். சாக்கில் மூன்று கருக்கு. என்னிடம் அக்கா, சுகமா என்று கேட்டாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்று ஒன்றைச் சீவினார். அண்ணன் என்னைப் பார்த்துக் குடிக்கட்டுமா என்று கேட்டார். நான் கணக்குப் போட்டேன்: பத்து மணித் தண்ணீருக்குப் பதில் இது, அளவு மாறப்போவதில்லை. இளநீரை நோய்க்காரனுக்கு ஆகாது என்று எந்த ஊரில் சொல்வார்கள்? அந்தச் சின்ன டம்ளரில் ஊற்றி என் கையாலேயே கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பிறகு டம்ளரைத் தள்ளிவிட்டுக் கருக்கையே கையில் வாங்கினார். இரண்டாவது. மூன்றாவது. வழுக்கையையும் தோண்டித் தின்றார். தம்பியோடு சிரித்துப் பேசினார். வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். குடிக்கட்டும் பாவம் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றுக்கு ஸ்டெல்லா வந்தபோது வில்சன் போய்விட்டார். முற்றத்தில் கிடந்த மூன்று கூடுகளைப் பார்த்தாள். யார் குடித்தது என்றுகூடக் கேட்கவில்லை. பைபிளை மேஜையில் வைத்துவிட்டு, டயாலிசிஸுக்கு வழக்கமாக வரும் வேனுக்குப் போன் செய்தாள். நான் அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்றேன். வேன் வருவதற்குள் அண்ணனுக்குக் கால் இரண்டும் மரத்துப்போய் எழ முடியவில்லை. பேச்சு குழறியது.

நெய்யாற்றின்கரை பத்து கிலோமீட்டருக்கு மேல். வழியில் கல்யாண வண்டிகள். ஸ்டெல்லா அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டே வந்தாள். நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். "இப்பம் பேசாத," என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மலையாளத்தில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஸ்டெல்லா மலையாளத்தில் பதில் சொன்னாள். அந்த நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஊசி போட்டார்கள், மெஷினில் ஏற்றினார்கள். மூன்றரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்றுதான் அவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். பழத்திலும் கீரையிலும் உள்ள அதே உப்பு கருக்கிலும் நிறைய உண்டு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை, இனி இந்த இதயம் இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் சொன்னார்.

திங்கட்கிழமை காலை வில்சன் வராந்தாவுக்கு வந்தார். வந்ததும் ஸ்டெல்லாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் விளிச்சாரு மைனி. வெள்ளிக்கெழம ராத்திரி. மூணு கருக்கு கொண்டு வா, அவ சபைக்குப் போற நேரமாட்டு வான்னாரு. கூடாதுன்னு எனக்குத் தெரியும். மறுத்துச் சொல்ல வாய் வரல்ல."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். எனக்கு ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், குற்றம் என் மேல் மட்டும் இல்லை என்று ஆறுதலாக இருந்தது. அதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன். பதினான்கு மாதம் கொதிக்கவைத்துக் கொட்டியவளின் முகம் அப்போது எப்படி ஆயிற்று என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. வில்சனைத் தூக்கி நிறுத்தினாள். காப்பி குடித்தாயா என்று கேட்டாள்.

செவ்வாய் காலை பத்துக்கு வீடு வந்தோம். நான் கிளம்பத் துணியை மடித்தேன். அவள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மன்னித்துவிடு என்றேன். "ஒனக்க மேல கோவம் உண்டு மக்கா. இல்லேன்னு சொன்னா கள்ளம். கொஞ்சம் நாளு ஆவும்," என்றாள். தலையாட்டினேன்.

பிறகு எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"ஒங்களுக்கு இந்தச் சாப்பாடு வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லணும். நான் இனி நிர்பந்திக்க மாட்டேன்," என்றாள்.

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"எனக்குப் பசிச்சு ஒரு வருசமாச்சு. நீ அடுப்புல நிக்கியப்பம் மட்டுந்தான் ஒனக்க மொகம் தெளிஞ்சிருக்கு. அதுக்கு வேண்டியாக்கும் நான் திங்கியது. ஞாயித்துக்கெழம ஒரு நேரம் எனக்கு வேண்டிக் குடிச்சேன்."

ஸ்டெல்லா அழவில்லை. வந்ததும் அளந்து மேஜைமேல் வைத்திருந்த பாட்டிலை எடுத்து, தண்ணீர் எவ்வளவு பாக்கி என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு பொடலங்காயா, சொரக்காயா?"

"பொடலங்கா," என்றார் அவர்.

அவள் அடுக்களைக்குப் போனாள். நான் ஆட்டோவில் ஏறும்போது தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

களியக்காவிளையில் மதியம் ஒன்றே காலுக்கு நாகர்கோவில் பஸ் கிடைத்தது. ஜன்னலோர இடம். குழித்துறை ஆற்றுப் பாலம் வரும்வரை நான் ஒன்றும் நினைக்கவில்லை. பாலத்தில் பஸ் ஏறியபோதுதான் என் கணவரின் கடைசி மூன்று மாதம் ஞாபகத்துக்கு வந்தது. படுத்த படுக்கை அவர். நான் காலையிலும் மாலையிலும் விதவிதமாகச் செய்து எடுத்துக்கொண்டு போவேன். ஒரு வாய் மிச்சம் வைத்ததில்லை. மனுஷனுக்குப் பசி மட்டும் குறையவே இல்லை, அதனால் எப்படியும் எழுந்துவிடுவார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.