தேயாத பிரேக்

மலேசியாவின் கிள்ளானில் அய்யாவுவின் பள்ளி வேனைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டுவிடலாம். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, செம்பனை லோரி ஓட்டி, பிறகு கடனை உடனை வாங்கி வேன் எடுத்த மனிதர். பத்து வருடமாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஹாரன் அடிக்கமாட்டார். பிரேக்கை மிதித்தால் போதும், ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் எழும். அடுக்குமாடி வீடுகளில் தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் கடைசி வாய் இட்டிலியைத் திணித்துவிட்டுப் படியிறங்குவார்கள்.

“அய்யாவு அண்ணன் வந்துட்டாரு, ஓடு ஓடு!”

இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், சாமான் கடையில் ஆகக் கெட்டியான பிரேக் பேட்டைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். “கல்லு மாதிரி, தேயவே தேயாது” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பேட் தேயவில்லைதான். அதற்குப் பதிலாக, அது கவ்விப் பிடிக்கிற இரும்பு டிஸ்க் தேய்ந்தது. வேனைப் பழுது பார்க்கும் ரெங்கசாமி போன வருடமே சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார்.

“டிஸ்க்கு பள்ளம் பள்ளமா கெடக்கு பாரு. பேட்டு, டிஸ்க்கு ரெண்டையும் சேர்த்து மாத்திரு லா.”

“பேட்டு புதுசு மாதிரி இருக்கே, அதைப் போய் யாராச்சும் தூக்கிப் போடுவானா?” என்று அய்யாவு சிரித்தார். பணம் இல்லாமல் இல்லை. தேயாத பேட் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதை இப்போது மாற்றினால் தன் தேர்வு தப்பென்று ஆகிவிடுமே! அந்த வறட்டு ஜம்பம்தான். அதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் பிள்ளைகளை ஏற்றினார்.

எண்பத்தொன்பதாம் வருடம் அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை நல்ல மழை. அடுக்குமாடி வாசலுக்கு இறங்கும் சரிவில் அய்யாவு பிரேக்கை மிதித்தார். வழக்கம்போலக் கிரீச்சென்று கத்தியது. குடையோடு நின்றிருந்த பவுனம்மாள் சத்தம் கேட்டதும், வேன் நின்றுவிட்டது என்று எண்ணி, மகள் தேவிகாவைப் பிடித்துக்கொண்டு சாலையில் கால் வைத்தாள். வேன் நிற்கவில்லை. பெடல் காலடியில் வெடவெடவென்று உதறியது. பக்கக் கண்ணாடி பவுனம்மாளின் குடையைத் தட்டிப் பறித்தது. குடை சக்கரத்தில் நசுங்கியது. குப்பைத்தொட்டியில் போய் மோதித்தான் வண்டி நின்றது.

அய்யாவு கதவைத் திறந்து இறங்கி ஓடினார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பவுனம்மாள் திட்டுவாள், நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். அவளோ நனைந்தபடி, “என் தப்புதாண்ணே. சத்தம் கேட்டதும் நின்னுட்டீங்கன்னு நெனச்சு எறங்கிட்டேன்” என்றாள். அது போதாதென்று, “பத்து வருஷமா ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? ஊர்க் கண்ணு பூரா உங்க மேலதான். வெள்ளிக்கெழமை வண்டிக்குச் சுத்திப் போடணும்” என்றாள்.

பிரேக் என்ற சொல் அய்யாவுவின் தொண்டை வரைக்கும் வந்தது. “மழை, தங்கச்சி... வழுக்கிருச்சு” என்றுதான் வாய் சொன்னது. சொன்ன வாயைக் கழுவிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று பிள்ளைகளை வேறொரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, நத்தை வேகத்தில் ரெங்கசாமியிடம் போனார். ரெங்கசாமி டிஸ்க்கைக் கழற்றித் தரையில் வைத்தார். அய்யாவு நேரே சாமான் கடைக்கு நடந்தார். கடை முதலாளியான சீனத் தவுக்கேவுக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. கேட்பதற்கு முன்பே அதே கெட்டி பேட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

“அண்ணே, சேம் லா? இது தாஹான் லாமா, ரொம்ப நாள் வரும்!”

கடையில் நின்ற இரண்டு டாக்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அய்யாவுவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“வேணாம் தவுக்கே. கெட்டி இல்லாம, கொஞ்சம் மெதுவான பேட்டு குடுங்க. டிஸ்க்கு ரெண்டு பக்கமும் புதுசு, நல்ல கனமா.”

“மெதுவானது சீக்கிரம் தேயும் அண்ணே.”

“தேயட்டும். தேஞ்சா நான் மாத்துறேன்.”

டிஸ்க்கைக் கையில் வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். விரல் தடையில்லாமல் ஓடியது. பழையதில் விரல் வைத்தால் கிழித்துவிடும். அதை ஒரு வருடம் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறோமே என்று கண் கலங்கியது.

வெள்ளி மதியம்தான் ரெங்கசாமி இரண்டையும் மாட்டி முடித்தார்; அதுவரை பிள்ளைகள் அந்த வேறு வேனிலேயே போனார்கள். அன்று மாலை அடுக்குமாடி வாசலில் தாய்மார்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பவுனம்மாள் குங்குமம் தடவிய பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி வேனைச் சுற்றினாள். பிறகு அய்யாவுவையும் நிறுத்தி அவருக்கும் மூன்று சுற்று சுற்றினாள். அவர் தலையைத் தொங்கப் போட்டபடி நின்றார். பக்தி என்று நினைத்தார்கள். பூசணி உடைந்தது. அய்யாவு ஏறி எடுத்ததும், சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வேன் முன்னால் போய்ச் சத்தமில்லாமல் நின்றது.

“பாத்தீங்களா! கிரீச்சுன்னு ஒரு சத்தம் உண்டா? கண்ணு கழிஞ்சிருச்சு!” என்று பவுனம்மாள் கைதட்டினாள்.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இருக்கைக்கு அடியில் கிடந்த பழைய டிஸ்க்கை எடுத்து வந்து, உடைந்த பூசணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கண்ணு இல்ல தங்கச்சி. இதுதான். நீங்க கேட்டுக் கேட்டுப் புள்ளைய எறக்குனீங்களே, அது கெட்டுப்போன பிரேக்கோட சத்தம். ரெங்கசாமி போன வருஷமே மாத்தச் சொன்னாரு. நான்தான் மாத்தல.”

பவுனம்மாள் டிஸ்க்கின் பள்ளங்களைப் பார்த்தாள்.

“தெரிஞ்சேவா ஓட்டுனீங்க, அண்ணே?”

“தெரிஞ்சேதான்.”

யாரும் ஏசவில்லை. பவுனம்மாள் கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

திங்கள் காலை தேவிகா வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். வந்திருந்தாள். பவுனம்மாள் சாலையோரத்தில் இல்லை, படிக்கட்டுக்குப் பக்கத்தில், மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி நின்றாள். வேன் சத்தமில்லாமல் நின்றது. அவள் அசையவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யாவு கை பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

“நின்னுருச்சு, தங்கச்சி.”

அதன் பிறகுதான் மகளின் கையை விட்டாள்.

தேவிகா ஆறாம் ஆண்டு முடிக்கும் வரை, அந்த வாசலில் அவர் தினமும் எஞ்சினை அணைத்து, இறங்கி, அதைச் சொல்ல வேண்டியிருந்தது.