இரண்டு சீட்டு வண்டி

கனடாவின் எட்மன்டனில் காலையில் வண்டியை எடுக்கும் முன் சுவரிலிருந்து சார்ஜர் வயரைக் கழற்ற வேண்டும். அப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் “பிக் டே?” என்று கேட்பார். முதல்முறை, “இல்லை, வழக்கம்போல எட்டு மணி நேரம்தான்” என்றேன். அவர் சிரித்தார்; ‘பிக் டே’ என்றால் நீளமான நாள் இல்லை, முக்கியமான நாள் என்பது பிறகுதான் புரிந்தது.

டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு நான் வைத்திருப்பது பெரிய எலெக்ட்ரிக் பிக்கப். ஐந்து பேர் உட்காரலாம், ஒரு டன் ஏற்றலாம். ஊரிலிருந்து பார்க்கும் உங்களுக்கு ஆடம்பரமாகத் தெரியும். ஆனால் நான் ஏற்றுவது கட்டிங் மெஷினும் இரண்டு வாளியும்தான். டைல்ஸைக் கடைக்காரரே இறக்கிவிடுவார். பனிக்காலத்தில் முழு சார்ஜ் போட்டாலும் பாதி தூரம்தான் ஓடும். இருந்தாலும் வாங்கியதும் படமெடுத்து ரபீக்குக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

நானும் ரபீக்கும் பூந்தமல்லி வட்டாரத்தில் பன்னிரண்டு வருடம் ஜோடியாக டைல்ஸ் ஒட்டியவர்கள். கரையான்சாவடியில் வாடகை வண்டிக்குக் காத்து நிற்கும்போதெல்லாம், சொந்தமாக ஒன்று வாங்கி இரண்டு பேர் பெயரையும் எழுத வேண்டும் என்பான். என் படத்தைப் பார்த்துவிட்டு அவன் தன் புது வண்டியின் படத்தை அனுப்பினான். குட்டி எலெக்ட்ரிக் பிக்கப், முன்னால் இரண்டே சீட்டு. என் வண்டிக்கு முன் இது பொம்மை என்று நினைத்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். கதவில் ‘ரபீக் – குமார்’ என்று எழுதியிருந்தது. குமார், நான் கனடா போன பிறகு அவனோடு சேர்ந்தவன்.

விடுப்பில் வந்தபோது, வெள்ளானூரில் அவர்கள் வேலை செய்த வீட்டுக்குப் போனேன். ஒடுங்கிய சந்துக்குள் டைல்ஸ் பெட்டிகளோடு வந்து நின்றது வண்டி.

“உன் வண்டி இதுல பூருமா மச்சான்?” என்றான் ரபீக்.

“பூராது. ஆனா ஒரு டன் தாங்கும்.”

“இன்னா ஏத்துற அதுல?”

பெட்டிகளை இறக்கும்போது ரபீக் கை நீட்டும் முன்பே குமார் எடுத்துக் கொடுத்தான். “இதுல ஹீட்டர் இல்ல, கேமரா இல்ல” என்று குறை சொல்லத் தொடங்கினேன்.

குமார் போய் வண்டியில் உட்கார்ந்தான். பிறகு ரபீக் சொன்னான்: “நீ கனடா பூட்டப்பறம் தொழிலையே உட்டுடலாம்னு இருந்தேன் மச்சான். அவன்தான் புடிச்சி நிறுத்துனான்.” சாவியை என் கையில் வைத்தான். “ஓட்டிப் பாரு.”

நேராகப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். கனடாவில் ஸ்டியரிங் அந்தப் பக்கம்தான். இங்கே அது பக்கத்து சீட்டு; குமார் உட்கார்ந்திருந்தான். அவன் இடத்தைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான் போல.

“உக்காருண்ணா” என்று இறங்கி, பெட்டிகள் இறக்கிக் காலியாக இருந்த பின்பக்கத் தொட்டியில் ஏறிக்கொண்டான்.

வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி ரபீக் என்னை ஓட்டக் கூப்பிட்டான். நான் கையில் சாவியோடு குமார் எனக்காக விட்டுக்கொடுத்த அந்த இடது சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.